ஐ.எச்.ஏ. 7.1 மென்பொருள்: சிறு சமவெளி ஆறுகளுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

நாற்பது, ஐம்பது ஆண்டுகளின் அன்றாட ஓட்டப் பதிவு கையில் இருக்கிறது. ஆறு முன்போல் இல்லை என்ற சந்தேகமும் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை எண்களாக்கிப் பார்க்க நீரியலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் இலவச மென்பொருள் 'இண்டிகேட்டர்ஸ் ஆஃப் ஹைட்ராலஜிக் ஆல்டரேஷன்', சுருக்கமாக ஐ.எச்.ஏ. இதன் அடிப்படை முறையை பிரையன் ரிக்டரும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்டார்கள். எவ்வளவு மாறினால் அது மாற்றம் என்று வரம்பு போடும் ஆர்.வி.ஏ. முறை 1997-இல் வந்தது. மென்பொருளைத் தருவது தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு. இங்கே பார்ப்பது விண்டோஸில் ஓடும் 7.1 பதிப்பு, அதன் கையேடு 2009-ஐச் சேர்ந்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கணக்குப் போடுவதில் இதன் மேல் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் உள்ளே போகும் எண் எப்படி அளக்கப்பட்டது என்று இது கேட்பதே இல்லை. பேராற்றில் ஓர் அணைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுகிறவருக்கு அது பெரிய இடைஞ்சலாக இருக்காது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவில்லாமல் ஊர்ந்து போகும் சிற்றாற்றில் எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட ஆற்றில் இது காட்டும் 'மாற்றத்தில்' ஒரு பங்கு ஆற்றுடையது, இன்னொரு பங்கு அளவீட்டு நிலையத்துடையது. இரண்டையும் பிரிக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில்தான்.

என்ன தருகிறது

தேதி, அன்றைய சராசரி ஓட்டம் என்று இரண்டு பத்தி கொண்ட எளிய கோப்பைக் கொடுத்தால் போதும். 33 அளவுகளை ஆண்டுவாரியாகக் கணக்கிடுகிறது. பன்னிரண்டு மாதங்களின் ஓட்டம். 1, 3, 7, 30, 90 நாள் குறைந்தபட்சமும் அதிகபட்சமும். ஓட்டமே இல்லாத நாள்களின் எண்ணிக்கை. ஓர் அடியோட்டக் குறியீடு (அடியோட்டம் என்பது மழையில்லாத நாள்களிலும் நிலத்தடி நீரால் தொடரும் ஓட்டம்). குறைந்தபட்சமும் அதிகபட்சமும் விழும் தேதிகள். ஓட்டம் உயர்ந்தும் தாழ்ந்தும் போகும் தடவைகளும் அவை நீடிக்கும் நாள்களும். ஏறும் வேகம், இறங்கும் வேகம், ஏற்றம் இறக்கமாகவும் இறக்கம் ஏற்றமாகவும் திசை மாறும் தடவைகள். இவை தவிர ஓட்டத்தை ஐந்து வகையாகப் பிரித்து (மிகக் குறைந்த ஓட்டம், குறைந்த ஓட்டம், உயர்வோட்டம், சிறு வெள்ளம், பெரு வெள்ளம்) இன்னும் 34 அளவுகள். மொத்தம் 67.

ஒரே காலமாக எடுத்து ஆண்டுக்கு ஆண்டு போக்கைப் பார்க்கலாம். இரண்டு காலமாக வெட்டி முன்–பின் ஒப்பிடலாம். சராசரியை வைத்தும் கணக்கிடலாம், மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) வைத்தும் கணக்கிடலாம். சிற்றாற்றுக்கு மீடியனைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரிரு வெள்ள நாள்கள் ஒரு மாதச் சராசரியையே தூக்கிவிடும்.

கோப்பை ஏற்றுவதற்கு முன்

இந்த மென்பொருளோடு செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி, அதைத் திறப்பதற்கு முன்பே செலவாக வேண்டும்.

முதல் எதிரி நீர்ச்செடி. பெரும்பாலான நிலையங்களில் நேரடியாக அளக்கப்படுவது நீர்மட்டம்; ஓட்டம் என்பது, எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் மட்டம்–ஓட்ட வளைவிலிருந்து எடுத்த எண். சமவெளி ஆற்றில் செடி வளரும் பருவத்தில் படுகையின் உராய்வு கூடுகிறது. அந்த உராய்வைக் குறிக்கும் மேனிங் குணகம் 0.035-இலிருந்து 0.07-க்குப் போனால், அதே ஆழத்தில் உண்மையில் ஓடும் நீர் பாதிதான். வளைவைத் திருத்தாமல் விட்டால் பதிவேட்டில் இரண்டு மடங்கு ஓட்டம் ஏறும். செடி ஆண்டுக்காண்டு அடர்ந்து வரும் ஆற்றில், கோடை ஓட்டம் கூடிவருவதாக ஐ.எச்.ஏ. அழகான ஏறுகோடு போட்டுக் காட்டும். உண்மையில் ஆறு குறைந்துகொண்டிருக்கலாம். செடியை வெட்டிய மறுநாள் மட்டம் சட்டென்று இறங்கும். அது இறங்கு வேகத்திலும் திசைமாற்ற எண்ணிக்கையிலும் போய் உட்காரும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. ஓட்டமானியால் நேரில் அளந்த அளவுகளை எல்லாம் திரட்டி, ஒவ்வொன்றும் வளைவு சொல்லும் எண்ணிலிருந்து எத்தனை சதவீதம் விலகுகிறது என்று மாதவாரியாக வரையுங்கள். செடி வளரும் மாதங்களில் மட்டும் நேரடி அளவு தொடர்ந்து வளைவுக்குக் கீழே விழுந்தால் காரணம் பெரும்பாலும் செடிதான். இரண்டு நேரடி அளவுகளுக்கு இடைப்பட்ட நாள்களில் அந்த விலகலைத் தேதிவாரியாகப் படிப்படியாகப் பரப்பி மட்டத்தைத் திருத்த வேண்டும். செடி வெட்டிய தேதி தெரிந்தால் அங்கே திருத்தத்தை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். நேரடி அளவுகள் போதாத ஆண்டுகளில், அந்த மாதங்களை ஆய்விலிருந்து விலக்குவதே நேர்மை. கீழ்ப்புறத்து மதகு மூடப்பட்டோ, சேரும் பெரிய ஆறு நிரம்பியோ நீர் பின்தேங்கும் இடங்களிலும் இதே சிக்கல்தான். அங்கே மட்டம் மட்டும் அளந்து பெற்ற ஓட்டத்தை எந்தத் திருத்தமும் முழுதாகக் காப்பாற்றாது.

இரண்டாவது, தசமப் புள்ளி. விநாடிக்கு 0.10 கன மீட்டர் ஓடும் சிற்றாறு, நாளுக்கு 0.002 வீதம் குறைகிறது என்று வையுங்கள். பதிவு இரண்டு தசம இடத்தோடு நின்றுவிட்டால், ஐந்து நாள் 0.10 என்றே இருந்துவிட்டு ஒரே நாளில் 0.09-க்கு விழும். ஐ.எச்.ஏ. இறங்கு வேகத்தைக் குறைந்த நாள்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவதால், அது பார்ப்பது 0.01 என்ற ஒரே இறக்கத்தை; உண்மையைப்போல் ஐந்து மடங்கு. பழைய ஆண்டுகள் இரண்டு இடத்தோடும் புதிய ஆண்டுகள் மூன்று இடத்தோடும் இருந்தால், ஆறு 'நிதானமாகிவிட்டது' என்று முடிவு வரும். புதிய பதிவையும் பழையதன் அளவுக்கே சுருக்கி, இரண்டையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஓட்ட வேண்டும். துல்லியத்தைக் கைவிடுவது மனதுக்கு ஒப்பாதுதான். ஆனால் ஒப்பீட்டுக்கு அதுதான் விலை.

கருவி மாறிய ஆண்டும் இப்படித்தான். நாளுக்கு ஒருமுறை ஆள் வந்து அளவுகோலில் பார்த்து எழுதிய காலத்தையும், கால் மணிக்கு ஒருமுறை தானியங்கி பதிந்த காலத்தையும் அப்படியே ஒட்டவைத்தால், ஒட்டிய ஆண்டில் ஒரு படி தெரியும். முதலாவது ஒரு கணத்து அளவு, இரண்டாவது 96 அளவுகளின் சராசரி. தானியங்கிப் பதிவிலிருந்து பழைய ஆள் பார்த்த அதே நேரத்து அளவை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு தொடரை உருவாக்கி ஓட்டிப் பாருங்கள். படி மறைந்துவிட்டால் அது கருவியின் படி.

விடுபட்ட நாள்கள் பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும். இடைவெளியின் இரு முனைகளையும் ஐ.எச்.ஏ. நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது. வறண்ட காலத்தில் நான்கைந்து நாள் என்றால் பரவாயில்லை. மழைக்காலத்தில் இருபது நாள் என்றால், அதற்குள் வந்துபோன வெள்ளமெல்லாம் துடைக்கப்பட்டுவிடும்; உயர்வோட்ட எண்ணிக்கையும் திசைமாற்றமும் குறையும். அதைவிடக் கொடியது விடுபட்ட நாளுக்கு 0 என்று எழுதிவைத்த கோப்பு. ஓடாத நாள்களின் எண்ணிக்கை எகிறிவிடும், 1 நாள் குறைந்தபட்சம் பூஜ்யமாகிவிடும். ஏற்றும் முன் எல்லாப் பூஜ்யங்களையும் வடிகட்டி எடுத்து, முந்தைய நாளின் ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்று 0.8, இன்று 0, நாளை 0.8 என்றால் அது வறட்சி இல்லை. நேர்மாறான பிழையும் உண்டு: அளவுகோல் நிற்கும் மடுவில் நீர் தேங்கி நிற்க, அதற்குக் கீழே ஆறு அறுந்துபோயிருக்கும். ஓட்டம் நிற்கும் மட்டம் எது என்பதை நேரில் போய் அளந்து வளைவில் சேர்க்காத நிலையத்தில் பூஜ்ய நாள்கள் என்ற அளவே நம்பத்தக்கதில்லை.

ஒரு விரைவுச் சோதனை: ஆண்டு ஓட்டத்தை நீர்ப்பிடிப்புப் பரப்பால் வகுத்து மில்லிமீட்டராக்குங்கள். 100 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து விநாடிக்கு 1 கன மீட்டர் ஆண்டு முழுக்க ஓடினால் அது 315 மில்லிமீட்டர். இந்த எண் அந்த ஆண்டு மழையைத் தாண்டினால் வளைவில் பிழை இருக்கிறது, அல்லது பக்கத்து வடிநிலத்தின் நிலத்தடி நீரோ வெளியிலிருந்து கொண்டுவந்த நீரோ ஆற்றில் சேர்கிறது. தெரியாமல் மேலே போக வேண்டாம்.

அமைப்புகளில் இடறும் இடங்கள்

நீர் ஆண்டு (நீரியல் கணக்குக்கான பன்னிரண்டு மாதச் சுற்று) அக்டோபர் 1-இல் தொடங்குவதாகத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. மாற்றலாம், பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். நிலத்தடி நீரால் ஓடும் ஆற்றில் வறட்சி பருவம் கடந்தும் நீளும். ஆண்டின் எல்லை அதன் நடுவே விழுந்தால், ஒரே வறட்சி இரண்டு ஆண்டுகளின் குறைந்தபட்சமாகப் பதிவாகிவிடும். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் வழக்கமாக விழாத ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். தேதி அளவுகளின் மீடியனை நம்புவதற்கு முன் ஆண்டுவாரி அட்டவணையை ஒருமுறை கண்ணால் பாருங்கள். 360-ஆம் நாளும் 5-ஆம் நாளும் பக்கத்துப் பக்கத்து நாள்கள்தாம், ஆனால் எண்ணாகப் பார்த்தால் ஆண்டின் இரு முனைகள்.

'அடியோட்டக் குறியீடு' என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. ஐ.எச்.ஏ.-இல் அது 7 நாள் குறைந்தபட்ச ஓட்டத்தை ஆண்டுச் சராசரியால் வகுத்த எண். நீரியலில் அதே பெயரில் வழங்கும் மற்றொன்று, மொத்த ஓட்டத்தில் அடியோட்டத்தின் பங்கு. நாள்தோறும் ஓட்டம் மாறுவதைக் காட்டும் நீர்வரைபடத்தைப் பிரித்துப் பெறுவது. சுண்ணப் பாறைப் பகுதியின் ஆறுகளில் இரண்டாவது குறியீடு 0.9-க்கும் மேலே போகும். அதே ஆற்றில் முதலாவது அதில் பாதிகூட வராமல் போகலாம். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து 'அடியோட்டம் சரிந்துவிட்டது' என்று எழுதுவது சாதாரணமாக நடக்கும் தவறு.

ஓட்டத்தை ஐந்து வகையாகப் பிரிக்கும் பகுதிதான் சமவெளி ஆற்றுக்கு மிகவும் பொருந்தாதது. இயல்பான அமைப்பில் 75-ஆவது சதமானத்துக்கு (நூறு நாளில் 75 நாள் ஓட்டம் இதற்குக் கீழே இருக்கும்) மேலே போனதெல்லாம் உயர்வோட்டம், 50-க்குக் கீழே எல்லாம் குறைந்த ஓட்டம். நடுவில் இருந்தால் ஒரே நாளில் 25 சதவீதத்துக்கு மேல் ஏறும்போது உயர்வோட்டம் தொடங்கும், நாளுக்கு 10 சதவீதத்துக்கும் குறைவாக இறங்கும்போது முடியும். மழை பெய்தால் சீறி அடங்கும் ஆற்றை மனதில் வைத்து எழுதிய விதி இது. நிலத்தடி நீரால் ஓடும் ஆறு நாளுக்கு ஒன்றிரண்டு சதவீதமாக மெல்ல மெல்ல ஏறி, மூன்று மாதம் 75-ஆவது சதமானத்துக்கு மேலே நின்றுவிட்டு, வந்தபடியே மெல்ல இறங்கும். அந்த மூன்று மாதமும் ஒரே 'உயர்வோட்டம்' என்று பதிவாகும். ஆண்டுக்கு ஒன்று, நீளம் 90 நாள். உயர்வோட்டம் என்ற சொல்லால் சூழலியலாளர் எண்ணுவது இதையல்ல. மேல் வரம்பைக் கூட்டிப் பார்க்கலாம். அப்போதும் சரியாக வராவிட்டால் அந்த 34 அளவுகளையும் விட்டுவிட்டு முதல் 33-ஓடு நில்லுங்கள், இழப்பொன்றும் இல்லை.

பெரு வெள்ளம் என்பதற்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை என்பது இயல்பு வரம்பு. இருபதாண்டுப் பதிவில் அப்படி இரண்டு வெள்ளம் கிடைத்தால் அதிகம். அந்த வரிசையில் வரும் மாற்றத்தைப் படிக்கவே வேண்டாம்.

முடிவை எப்படிப் படிப்பது

முன்–பின் ஒப்பீட்டில் ஆர்.வி.ஏ. செய்வது இது: முந்தைய காலத்து மதிப்புகளை மூன்று சமக் கூறாக்குகிறது (மீடியனிலிருந்து மேலும் கீழும் 17 சதமானம்). பிந்தைய காலத்தில் ஒவ்வொரு கூறிலும் எத்தனை ஆண்டுகள் விழ வேண்டும், எத்தனை விழுந்தன என்று பார்த்து, வித்தியாசத்தை எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுக்கிறது. இரு காலமும் 24 ஆண்டு என்றால் கூறுக்கு 8 எதிர்பார்க்கலாம். கீழ்க் கூறில் 14 விழுந்தால் மாற்றக் காரணி +0.75.

பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் எதுவுமே மாறாத ஆற்றிலும் 24 ஆண்டில் கீழ்க் கூறில் விழும் எண்ணிக்கை தற்செயலாக 8-இலிருந்து விலகும். அந்த விலகலின் திட்ட விலக்கம், அதாவது வழக்கமான அளவு, 2.3 ஆண்டு. அதன் இரண்டு மடங்கை 8-ஆல் வகுத்தால், ±0.58 வரைக்கும் வெறும் தற்செயலாகவே வரலாம். கூறுகளின் எல்லையே முந்தைய 24 ஆண்டுகளிலிருந்து மதிப்பிட்டது என்பதால் உண்மையான தள்ளாட்டம் இன்னும் அதிகம். 0.3, 0.4 என்று வரும் காரணிகளை வைத்து அறிக்கை எழுதக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு காலத்துக்கும் இருபதாண்டுப் பதிவாவது வேண்டும் என்பதும் இதனால்தான்.

இதோடு 'சிக்னிஃபிகன்ஸ் கவுன்ட்' என்று ஒரு பத்தி வரும். எல்லா ஆண்டுகளையும் 1000 முறை கலைத்துப் போட்டு, கலைத்த தொடரில் நிஜத்தைவிடப் பெரிய வித்தியாசம் எத்தனை பங்கு தடவை வந்தது என்று காட்டுகிறது. எண் சிறியதாக இருந்தால் மாற்றம் நம்பத்தக்கது. நல்ல ஏற்பாடு. ஆனால் கலைத்துப் போடும்போது ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. நிலத்தடி நீர் ஊட்டும் ஆற்றில் போன ஆண்டின் வறட்சி இந்த ஆண்டின் குறைந்தபட்சத்திலும் தெரியும். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கிடையே ஒட்டுறவு 0.4 இருந்தால், 40 ஆண்டுப் பதிவு புள்ளியியலுக்குச் சுமார் 17 ஆண்டுதான். ஒரே காலப் போக்குக்கு அது தரும் நேர்கோட்டுச் சரிவின் பி மதிப்புக்கும் (போக்கே இல்லாதபோதும் இப்படிச் சரிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) இதே குறை. 7 நாள், 30 நாள் குறைந்தபட்சத் தொடர்களை வெளியே எடுத்து, போக்கு இருக்கிறதா என்று பார்க்கும் மான்–கெண்டால் சோதனையை, ஒட்டுறவுக்குத் திருத்தம் செய்து, வேறொரு மென்பொருளில் ஓட்டுங்கள். மாற்றம் எந்த ஆண்டில் நேர்ந்தது என்பது தெரியாவிட்டால் பெட்டிட் சோதனையால் தேடுங்கள். முடிவுக்கு ஏற்ற ஆண்டைக் கையால் தேர்ந்து காலத்தை வெட்டுவது ஏமாற்று வேலை.

33 அளவையும் ஒன்றாகப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. 5 சதவீத மட்டத்தில் 33 சோதனை என்றால், ஒன்றிரண்டு பொய்யாகத் தேறும். அதோடு 1, 3, 7 நாள் குறைந்தபட்சங்கள் ஏறக்குறைய ஒரே சேதியைத்தான் மூன்று தடவை சொல்கின்றன. மூன்றும் மாற்றம் காட்டுகின்றன என்பதால் மூன்று சான்று கிடைத்துவிடவில்லை. ஓல்டனும் பாஃபும் 2003-இல் 171 நீரியல் குறியீடுகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பகுதி ஒன்றையொன்று திருப்பிச் சொல்பவை என்று காட்டினார்கள். சிறு சமவெளி ஆற்றுக்குப் படிக்கத் தகுந்தவை என்று பொறுக்கினால்: 7 நாள், 30 நாள், 90 நாள் குறைந்தபட்சம், வறண்ட இரண்டு மூன்று மாதங்களின் மீடியன், குறைந்தபட்சம் விழும் தேதி, நிலையம் தகுதியானதென்றால் பூஜ்ய நாள். வாய்க்கால் வெட்டி வடிகால் அமைத்த பகுதி, கட்டடம் பெருகிய பகுதி என்றால் ஏறு வேகமும் திசைமாற்றமும் சேர்த்து. 1 நாள் குறைந்தபட்சத்தை விட்டுவிடுங்கள். மதகை ஒரு நாள் மூடினாலோ குப்பை அடைத்தாலோ அது கெட்டுவிடும்.

என்றைக்குமே வற்றாத ஆற்றில் பூஜ்ய நாள் அளவின் மூன்று கூறுகளின் எல்லையும் 0-விலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த வரியில் வரும் மாற்றக் காரணிக்குப் பொருளே இல்லை. அடிக்கடி வற்றும் ஆற்றில் 7 நாள் குறைந்தபட்சத்துக்கும் அதே கதி.

இது சொல்லாதது

மழையை இந்த மென்பொருள் பார்ப்பதில்லை. ஆகவே காரணம் சொல்லாது. குறைந்தபட்ச ஓட்டம் சரிந்தால் நிலத்தடி நீரை இறைத்தது காரணமாகலாம், மழை குறைந்தது காரணமாகலாம், மரம் வளர்த்தது காரணமாகலாம். கூடியிருந்தால் மகிழ்வதற்கு முன், மேற்புறத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்று பாருங்கள். வறண்ட காலத்தில் சிற்றாற்றின் ஓட்டத்தில் பாதிக்கு மேல் அந்த நீராகவே இருக்கக்கூடும். எண்ணளவில் ஆறு தேறியிருக்கும், தண்ணீர் வேறாகியிருக்கும். மண்ணும் மழையும் ஒத்த, இறைப்பும் அணையும் இல்லாத பக்கத்து ஆறு ஒன்றின் பதிவையும் அதே ஆண்டுகளுக்கு, அதே அமைப்போடு ஓட்டி ஒப்பிடுவது எளிய வழி. இரண்டிலும் ஒரே மாதிரி சரிவு என்றால் வானத்தைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் நிலத்தைப் பாருங்கள்.

அன்றாடச் சராசரிதான் உள்ளே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 20 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் வெள்ளம் சில மணி நேரத்தில் வந்துபோய்விடும். மதகும் பம்பும் நாளுக்குள் செய்யும் ஏற்ற இறக்கமும் இதில் தெரியாது. அவை உங்கள் கேள்வி என்றால் கால் மணிப் பதிவுக்குத்தான் போக வேண்டும்.

யாருக்கு ஏற்றது

நிரல் எழுதத் தெரியாத, ஒரு ஆறு அல்லது நான்கைந்து ஆறுகளை ஆழமாகப் பார்க்கிற துறை அலுவலர், மாணவர், ஆற்றுப் பாதுகாப்புக் குழுவினர் ஆகியோருக்கு இன்றும் இதை முதல் கருவியாகப் பரிந்துரைக்கலாம். அட்டவணைகள் தெளிவாக இருக்கின்றன, ஆண்டுவாரி மதிப்புகள் முழுதாக வெளியே வருகின்றன. வரைபடங்களும் முகப்பும் பழைய காலத்தவை; அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் அட்டவணையை ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வரைவது மேல். நூற்றுக்கணக்கான நிலையங்களை ஒரே முறையில் ஓட்ட வேண்டியவர்களும், ஒவ்வொரு திருத்தத்தையும் பிறர் சரிபார்க்கும்படி நிரலாகவே வைத்திருக்க விரும்புகிறவர்களும் ஆர் (R) நிரல்மொழிக்குப் போவது நல்லது; அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஈஃப்ளோஸ்டாட்ஸ் தொகுப்பு அங்கே இருக்கிறது.

எதில் ஓட்டினாலும் மூன்று கோப்புகளைத் தனித்தனியே வைத்திருங்கள்: வந்தபடியே உள்ள மூலப் பதிவு, செடிக்கும் இடைவெளிக்கும் தசமத்துக்கும் திருத்திய பதிவு, எந்த நாளை ஏன் திருத்தினோம் என்ற குறிப்பு. முதலிரண்டையும் ஒரே அமைப்பில் தனித்தனியே ஓட்டி, எந்தெந்த அளவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அறிக்கையிலேயே அட்டவணையாகப் போட்டுவிடுங்கள்.